நயம் பாராட்டச் சொன்னால் பட்டியல், கட்டுரை கேட்டால் மேடைப்பேச்சு: பிளஸ் ஒன் வகுப்பில் என்ன செய்யலாம்?

கரிசல்மண் (கேள்வி)

பிளஸ் ஒன் தமிழ் வகுப்பு, 42 பேர், 45 நிமிட பீரியட். பாடப்பகுதியை முடிக்கும் வேலை போக, இந்தப் பருவத்தில் எழுத்துப் பயிற்சிக்கென்று பத்து பீரியட் ஒதுக்கலாம். அதற்கு மேல் இடமில்லை.

பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்கிறார்கள். எழுதும்போது இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ‘நயம் பாராட்டுக’ வினா. திரண்ட கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி, சுவை என்று தலைப்புகள் வரிசையாக விழுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: “இப்பாடலில் எதுகை அமைந்து பாடலுக்கு இனிமை சேர்க்கிறது.” பாடலை எடுத்துவிட்டு வேறொரு பாடலை அங்கே வைத்தாலும் விடை அப்படியே பொருந்தும். அந்தப் பாடலைப் பற்றி அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்?

இரண்டு, ஒரு கருத்தை வலியுறுத்தி எழுதும் கட்டுரை. ‘இளைஞர்களே, விழித்தெழுங்கள்’ என்று தொடங்கி, ஒவ்வொரு வாக்கியமும் ‘வேண்டும்’ என்று முடிகிறது. காரணம் கிடையாது. எதிர்க்கருத்து உள்ள ஒருவர் இதைப் படிப்பார் என்ற நினைப்பே கிடையாது.

எந்தப் பகுதியை எடுத்துத் தொடங்கலாம், எத்தனை பீரியடில் எதைச் செய்யலாம், 42 நோட்டுகளை எப்படித் திருத்தலாம்? நாளைக்கு வகுப்பில் செய்யக்கூடிய அளவுக்கு விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

நாற்பதாம்பாட்டு

இரண்டையும் ஒரே கோளாறாக எடுத்துக்கொள்ளுங்கள், வேலை பாதியாகிவிடும். நயம் எழுதும்போது பாடல் வரியைக் காட்டுகிறார்கள், ‘இனிமை’ என்று முடிவும் சொல்கிறார்கள். அந்த வரியிலிருந்து அந்த முடிவு எப்படி வந்தது என்னும் நடுப்படியை எழுதுவதில்லை. கட்டுரையில் முடிவு மட்டும்தான் இருக்கிறது, நடுப்படியும் இல்லை, அடிப்படியும் இல்லை. ஆகவே பருவம் முழுவதும் போர்டின் இடது மூலையில் மூன்று சொற்கள் அழியாமல் இருக்கட்டும்: கூற்று, சான்று, இணைப்பு. மூன்றாவதுதான் கற்பிக்க வேண்டியது. முதல் இரண்டும் ஓரளவு தானாக வரும்.

நயத்துக்குக் குறுந்தொகை 40-ஆம் பாடலைப் பரிந்துரைப்பேன். ஐந்தே அடி. எல்லாருக்கும் தெரிந்த பாடல் என்பதில் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் உண்டு. பிள்ளைகள் நேராகச் ‘செம்புலப் பெயல்நீர்’ வரிக்கு ஓடி, ‘அழகிய உவமை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதனால் முதல் பீரியடில் அந்த வரியையே காட்டாதீர்கள். சந்தி பிரித்து முதல் மூன்று அடிகளை மட்டும் போர்டில் எழுதுங்கள்:

யாயும் ஞாயும் யார் ஆகியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்

சொற்பொருள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். யாய் என் தாய், ஞாய் உன் தாய், எந்தை என் தந்தை, நுந்தை உன் தந்தை, கேளிர் உறவினர். ஒரே ஒரு சொல்லை மட்டும் தவறாமல் நின்று சொல்லுங்கள்: ‘எம்முறை’. இதை ‘எங்கள் முறை’ என்று படிக்கும் பிள்ளைகள் நிறைய. இங்கே ‘எந்த முறையில்’ என்று பொருள். இதைத் திருத்தாமல் விட்டால் இரண்டாம் அடியே தலைகீழாகி, ‘நம் தந்தையர் உறவினர்’ என்று ஆகிவிடும். பிறகு எழுதுவதெல்லாம் அந்தத் தவறின் மேல் கட்டிய வீடு.

அடுத்த பத்து நிமிடம், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அழகு, இனிமை, அருமை, சிறப்பு ஆகிய நான்கு சொற்களுக்கும் தடை. எண்ணச் சொல்லுங்கள். எண்ணினால் இவை வெளிவரும்: மொத்தம் ஆறு பேர், மூவர் ‘என்’ பக்கம், மூவர் ‘உன்’ பக்கம். அடிக்கு ஒரு வினா: யார், எம்முறை, எவ்வழி. ஒன்றுக்கும் விடை இல்லை. யாய், ஞாய் இரண்டும் தலை எழுத்தில் மட்டும் வேறுபடுகின்றன. எந்தை, நுந்தையும் அப்படியே. இரண்டாம் எழுத்து ஒன்றுவதுதானே எதுகை? இதோ எதுகை, வேலை செய்யும் இடத்திலேயே பிடிபட்டுவிட்டது. ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும் சொற்களைக் கொண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குடும்பங்களைச் சொல்கிறான், பாடலில் பேசும் தலைவன். ‘யானும் நீயும்’ என்ற மூன்றாம் இணையில் அந்த எதுகை இல்லை. அதற்குக் காரணம் கற்பிக்கச் சொல்லாதீர்கள். கவனித்தார்களா என்று மட்டும் கேட்டால் போதும்.

‘அறிதும்’ என்பதைப் பெரும்பாலும் நீங்களே சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும். ‘தும்’ தன்மைப் பன்மை விகுதி என்று இலக்கணத்தில் படித்திருக்கிறார்கள். இங்கே அதைப் பயன்படுத்துங்கள். ‘யானும் நீயும்’ என்று தனித்தனியாகத் தொடங்கிய வாக்கியம், வினைமுற்றுக்கு வரும்போது ‘நாம்’ ஆகிவிட்டது. ‘எப்படி ஒருவரையொருவர் அறிந்தோம்’ என்று வியக்கும் அதே சொல் இருவரையும் சேர்த்துவிடுகிறது. உவமை வருவதற்கு முன்பே இலக்கணத்தில் கலப்பு நடந்துவிட்டது. இலக்கண வகுப்பு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு விகுதியைக் காட்டலாம்.

இரண்டாம் பீரியடில் மீதி இரண்டு அடி: ‘செம்புலப் பெயல்நீர் போல / அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே’. முதல் கேள்வி: முன்னே கேட்ட மூன்று வினாக்களில் எதற்கு இது விடை? எதற்கும் இல்லை. இரண்டாவது: யாருடைய நெஞ்சம்? என், உன் என்ற அடையாளமே இந்த இரண்டு அடிகளில் இல்லை. மூன்றடி வரைக்கும் பிரித்துப் பிரித்துச் சொன்னவன் இங்கே பிரிக்கவில்லை. இதைப் பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். மூன்று நிமிடம் வகுப்பு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை.

அதன் பிறகு துறைக்குறிப்பு, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று பாடலோடு வரும் குறிப்பு: தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அவள் குறிப்பறிந்து அவன் சொல்கிறான். ஆக இந்தப் பாடலே ஒருவரை நம்பவைக்கும் பேச்சு. அந்த அச்சத்துக்கு எதிரில் உவமையை நிறுத்துங்கள்.

இப்போது மாற்றிப் பார்க்கும் சோதனை. ‘பாலும் நீரும் போல’ என்று இருந்தால் என்ன போகும்? பாலும் நீரும் கலக்கத்தான் செய்யும். ஆனால் நம் இலக்கிய மரபில் பாலையும் நீரையும் பிரிக்க அன்னம் இருக்கிறது. பிரிவை நினைத்து அஞ்சுகிறவளிடம் போய், பிரிக்கக்கூடிய கலவையைச் சொல்வானா? வானத்து நீருக்கும் நிலத்து மண்ணுக்கும் முன்னறிமுகம் இல்லை. அது முதல் மூன்று அடிகளின் வேலை. விழுந்தபின் நீர் மண்ணின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது, எது மழை எது மண் என்று சொல்ல முடியாது. அது ஐந்தாம் அடியின் வேலை. இந்தச் சோதனையை எந்தப் பாடலுக்கும், எந்தச் சொல்லுக்கும் செய்யலாம். நயம் கற்பிக்க இதைவிடக் கூர்மையான கருவி எனக்குத் தெரியாது.

மூன்றாம் பீரியடில் ஒரே பத்தி, 80 சொல். போர்டில் இரண்டு மாதிரி:

“இப்பாடலில் செம்புலப் பெயல்நீர் என்னும் உவமை அழகாக அமைந்து தலைவனின் அன்பை வெளிப்படுத்துகிறது.”

“யாய், ஞாய் என ஆறு பேரையும் இரு பக்கமாகப் பிரித்துச் சொன்ன தலைவன், நெஞ்சத்தை மட்டும் யாருடையது என்று சொல்லவில்லை. செம்மண்ணில் விழுந்த நீரைத் திரும்பத் தனியே எடுக்க முடியாததுபோல, அந்த நெஞ்சங்களையும் இனி ‘என்’, ‘உன்’ என்று பிரிக்க முடியாது. பிரிவுக்கு அஞ்சும் தலைவிக்கு இந்த உவமையே உறுதிமொழி.”

எது எங்கே கோணும் என்றும் சொல்லிவிடுகிறேன். ருசி கண்ட பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொருள் கற்பிக்கத் தொடங்குவார்கள். ‘கலந்தனவே’ என்பதில் உள்ள ஏகாரத்தை வைத்து ஒரு பத்தி வரும். செய்யுளின் இறுதியில் வரும் ஏகாரம் பெரும்பாலும் தனிப்பொருள் தராத அசையாகவே கொள்ளப்படும், அதன் மேல் பாரம் ஏற்ற வேண்டாம். அடுத்து, ‘கவிஞர் தம் காதலைப் பாடியுள்ளார்’ என்று எழுதுவார்கள். பேசுகிறவன் தலைவன். புலவருக்குச் செம்புலப்பெயனீரார் என்ற பெயரே இந்த வரியிலிருந்து வந்தது, அவர் வாழ்க்கையை இதில் தேட இடமில்லை. மூன்றாவது தவறுதான் விடாப்பிடியானது: இணைப்பு என்ற பெயரில் வரியின் பொருளையே திரும்ப எழுதுவது. ‘இதன்மூலம் அவர்கள் மனம் கலந்தது தெரிகிறது’ என்பது இணைப்பு ஆகாது, அது தெளிவுரை.

வழக்காடு

மேலே சொன்ன மூன்று சொல்லையே கட்டுரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரிக்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. பிள்ளைகள் அதைக் கோபக் காட்சியாகவே மனத்தில் வைத்திருப்பார்கள். வழக்காக வாசிக்கச் சொன்னால் காட்சியே மாறிவிடும். கண்ணகி அவையில் பேசும் பகுதி மட்டும் போதும், ஒன்றரை பீரியடில் முடியும். வாசித்துக்கொண்டே இவற்றைப் பிடியுங்கள்.

‘தேரா மன்னா’. தேர்தல் என்றால் ஆராய்தல். ‘கொடிய மன்னா’ என்று அவள் சொல்லவில்லை. குற்றச்சாட்டு முழுவதும் அந்த ஒரே சொல்லில் இருக்கிறது: நீ விசாரிக்கவில்லை. பின்னால் வருவதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்கான நிரூபணம். கட்டுரையின் கூற்றும் இப்படி ஒரு வாக்கியத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எழுதுகிறவருக்கே தாம் சொல்ல வருவது தெளிவாகவில்லை என்று பொருள்.

யார் நீ என்று கேட்டதும், கணவன் பெயருக்கு முன் ஊரைச் சொல்கிறாள். புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்ச்சக்கரத்தில் மடித்தவனும் ஆண்ட புகார். ஏன் இது முதலில் வருகிறது என்று கேளுங்கள். நீதிக்கு ஓர் அளவுகோலை நாட்டிவிட்டாள். இனி எதிரில் இருப்பவன் அந்த அளவில்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது இந்தப் பகுதியிலேயே அதிகம் கற்றுத்தரும் இடம். ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்கிறான் பாண்டியன். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். கண்ணகி இதை மறுக்கவே இல்லை! கள்வனைக் கொல்லலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் அவள் போகவில்லை. ‘அவன் கள்வனா?’ என்ற ஒரு மூட்டில் மட்டும் கை வைக்கிறாள். விதி சரியாகவே இருக்கட்டும், அது இவனுக்குப் பொருந்துமா? பிள்ளைகள் மறுப்பு எழுதும்போது எதிர்த்தரப்பு சொன்ன அத்தனையையும் மறுக்கப் பார்த்து எதிலும் வெல்லாமல் போகிறார்கள். எந்த மூட்டு தளர்வாக இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள்.

பிறகு சான்று. என் சிலம்பின் பரல் (உள்ளே ஒலிக்கும் மணி) மாணிக்கம் என்கிறாள், எம்முடையது முத்து என்கிறான். உடைப்பதற்கு முன்பே இருவரும் சொல்லிவிட்டார்கள். இரண்டில் ஒன்று பொய்த்தே தீரும். எல்லார் முன்னும் உடைகிறது, மணி தெறிக்கிறது. ‘ஆகவே நீ தவறு செய்தாய்’ என்று அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று முடிவை அவனே சொல்கிறான்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்த மறுநாள் தலைமையாசிரியருக்கு எழுதும் மனுவில் ‘தேரா மன்னா’ தொனி வந்துவிடும். கண்ணகி எதையும் பெற வரவில்லை, அவளுக்கு இழக்க ஒன்றுமில்லை. மனு எழுதுகிறவருக்குப் படிப்பவரிடமிருந்து ஒன்று ஆக வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டை ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள்.

தலைப்புத் தேர்வில்தான் பாதிக் கட்டுரைகள் கெடுகின்றன. ‘நெகிழியை ஒழிப்போம்’, ‘மரம் வளர்ப்போம்’ எல்லாம் வாதத் தலைப்புகளே இல்லை, எதிர்க்க ஆளில்லை. தலைப்புக்கு மூன்று நிபந்தனை வையுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு எழுத வேண்டும். நியாயமான ஒருவர் ‘முடியாது’ என்று சொல்ல இடம் இருக்க வேண்டும். சான்றைப் பிள்ளைகளே ஒரு வாரத்தில் எண்ணியோ கேட்டோ திரட்ட முடிய வேண்டும். பள்ளி நூலகத்தை மதியம் திறப்பது, மாலைப் பேருந்தின் நேரத்தை மாற்றுவது, பள்ளி வாசலில் வேகத்தடை போடுவது போன்றவை சரியாக இருக்கும். பேருந்து என்றால் ஐந்து நாள் நின்று எண்ணட்டும்: பள்ளி மணி அடித்தது எப்போது, வண்டி புறப்பட்டது எப்போது, தவறவிட்டவர் எத்தனை பேர், அடுத்த வண்டி எத்தனை நிமிடம் கழித்து.

எதிர்க்கருத்துக்கு நன்னூலே கைகொடுக்கும். எழுவகை மதத்தில் (இங்கே மதம் என்றால் கொள்கை) மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல். கடைசிதான் வேண்டியது. எதிராளியின் கருத்தை முதலில் ஏற்று, பிறகு களைவது. நடைமுறை இப்படி: எதிர்க்கருத்தை எழுதுகிறவரே எழுதக் கூடாது. எழுதவிட்டால் ஊதினால் விழுகிற மாதிரி ஒன்றை எழுதிக்கொள்வார். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு வாக்கியத்தில் எழுதித் தரட்டும். அதற்கு எழுதும் விடை ‘உண்மைதான்’ என்று தொடங்க வேண்டும். இப்படி:

“மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறந்தால் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும், அவருக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம். உண்மைதான். அதனால் தினமும் திறக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. செவ்வாய், வியாழன் இரு நாள், இடைவேளையின் கடைசி 20 நிமிடம், உள்ளே அமர்ந்து படிக்க மட்டும். வருகைப் பதிவேட்டை இரண்டு மாணவர்கள் முறைவைத்து எழுதுவார்கள்.”

எதிர்க்கருத்தை ஏற்றதும் கோரிக்கையே சுருங்கித் திருத்தமாகிவிட்டதைக் காட்டுங்கள். பெரிதாகக் கேட்டு மறுக்கப்படுவதைவிட இது பயன்படும் என்பது பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

பீரியட் கணக்கு: நயத்துக்கு மூன்று போனது. நான்கும் ஐந்தும் வழக்குரை காதை. மீந்த அரை பீரியடில் தலைப்பு. ஒரு வாரம் சான்று திரட்ட இடைவெளி. ஆறில் கூற்றை ஒரு வாக்கியமாக்கிச் சான்றுகளை அடுக்குவது, ஏழில் எதிர்க்கருத்து, எட்டில் முதல் வரைவு, ஒன்பதில் நோட்டு மாற்றிப் படிப்பது, பத்தில் திருத்திய படி.

சிவப்புமை

திருத்துவது பற்றி மட்டும்.

நோட்டை ஒப்படைக்கும் முன், தங்கள் இணைப்பு வாக்கியம் எதுவோ அதன் கீழே பென்சில் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். கோடு போட வாக்கியமே இல்லை என்று பாதிப் பேருக்கு அங்கேயே தெரிந்துவிடும், எழுதிச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். நீங்கள் அந்த வாக்கியத்தையும் அதற்கு முன் உள்ளதையும் மட்டும் படியுங்கள். நோட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும் 42 நோட்டு 63 நிமிடம்.

ஓரத்தில் நீளமாக எழுத வேண்டாம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் நான்கு போதும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ‘கூ’ கூறியது கூறல். ‘வெ’ வெற்றெனத் தொடுத்தல், பொருளில்லாமல் சொல்லடுக்குவது. ‘இனிமை சேர்க்கிறது’ எல்லாம் இதில் அடங்கும். ‘மற்’ மற்றொன்று விரித்தல், நூலகத்தைத் திறக்கச் சொல்லும் மனு புத்தகங்களின் பெருமைக்குப் போய்விடுவது. ‘தே’ சென்று தேய்ந்து இறுதல், கனமாகத் தொடங்கி ‘வாசிப்போம், உயர்வோம்’ என்று கரைந்துபோவது. ஒரு நோட்டுக்கு இரண்டு குறிக்கு மேல் வேண்டாம். பத்தும் சிவப்பாக இருந்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நோட்டை மூடிவிடும்.

ஒற்றுப்பிழை, சந்திப்பிழையை அதே நாளில் திருத்தாதீர்கள். வட்டம் மட்டும் போட்டு வேறொரு நாளுக்கு வையுங்கள். இரண்டும் கலந்தால் ‘ப்’ போட்டுவிட்டுக் கட்டுரையைத் திருத்திவிட்டதாக நினைப்பார்கள். மதிப்பெண் பத்துக்கு என்றால் கூற்று 2, சான்று 3, இணைப்பு 4, மொழி 1.

அடுக்களைப்புகை

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆனால் முதல் பீரியடிலேயே சங்கப்பாடலைத் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சொற்பொருள் புரிந்ததையே பிள்ளைகள் ஆய்வு முடிந்ததாக எடுத்துக்கொள்வார்கள். ‘இணைப்பு’ என்றால் என்ன என்று பத்து நிமிடம் வாய்மொழியாகக் காட்டிவிட்டுப் பிறகு பாடலுக்குப் போகலாம்.

அதற்கு மணிமேகலையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லும் இடமே போதும். இம்மலை நெருப்புடையது: பக்கம். புகையுடையதாதலால்: ஏது. அடுக்களை போல: திட்டாந்தம். இம்மலையும் புகையுடையது: உபநயம். ஆகவே நெருப்புடையது: நிகமனம். பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். நான்காவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அடுக்களையில் புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கிறது, சரி. அந்தப் பொது உண்மை இந்த மலைக்கு எப்படி வந்து சேர்ந்தது? ‘இந்த மலையிலும் புகை தெரிகிறது’ என்று ஒருவர் சொன்னதால்தான். பிள்ளைகள் விட்டுவிடும் படி இதுதான். அடுக்களையைப் பற்றி அழகாக எழுதிவிட்டு, மலையில் புகை இருக்கிறதா என்று சொல்லாமல் முடித்துவிடுவார்கள். ‘உன் மலையில் புகை எங்கே?’ என்று ஓரத்தில் எழுதினால் போதும், அடுத்த வாரத்துக்குள் வகுப்பு முழுவதும் அதே கேள்வியை ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்றை யாரும் தொடவில்லை. தமிழ் வகுப்புக்கே உரிய பிழை இது: குறளைச் சான்றாக வைப்பது. ‘கற்க கசடற’ என்று வள்ளுவர் கூறியுள்ளார், எனவே நூலகத்தை மதியம் திறக்க வேண்டும்! கற்க வேண்டாம் என்று தலைமையாசிரியர் எங்கே சொன்னார்? அவருடைய தடை ஆள் இல்லை என்பது, அதற்குக் குறளில் பதில் இல்லை. நயம் எழுதும்போது பாடலின் சொல்லே சான்று. மனுவில் எண்ணிய கணக்கு, பார்த்த நிலைமை, இருக்கும் விதி ஆகியவை சான்று. குறள் அங்கே மேற்கோள் மட்டுமே. ஒரு கட்டுரைக்கு ஒரு மேற்கோள் என்று வரம்பு கட்டி, அதற்கு மதிப்பெண் கிடையாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கரிசல்மண்

எல்லாருக்கும் மிக்க நன்றி. மலைப்புகையை வாய்மொழியாக முதலில் வைத்துக்கொண்டு, பிறகு நாற்பதாம் பாட்டுக்குப் போகலாம் என்று திட்டமிடுகிறேன். இரண்டு ஐயம் பாக்கி. தேர்வில் விடைத்தாள் திருத்துகிறவர்கள் தலைப்புகளைத் தேடுவார்கள். இப்படித் தொடர்ப்பத்தியாக எழுதினால் மதிப்பெண் குறையாதா? இன்னொன்று, எழுதவே தயங்கும் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ‘கண்ணுக்குத் தெரிவதை எழுது’ என்றால் வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நாற்பதாம்பாட்டு

அடுக்களைப்புகை சொன்ன வரிசை நான் சொன்னதைவிட நல்லது, ஏற்கிறேன்.

தேர்வுக்குத் தலைப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் மூன்று வாக்கியம் என்று பழக்குங்கள்: என்ன இருக்கிறது, எந்தச் சொல்லில், அது இந்தப் பாடலில் என்ன செய்கிறது. எதுகை என்ற தலைப்பின் கீழ் இப்படி வரலாம்: “இப்பாடலில் அடி எதுகையைவிட அடிக்குள் வரும் எதுகையே மேலோங்கி ஒலிக்கிறது. ‘யாயும் ஞாயும்’, ‘எந்தையும் நுந்தையும்’ என இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறது. தலை எழுத்து மட்டும் மாறும் இச்சொற்கள், இரு குடும்பங்களையும் அருகருகே நிறுத்திவிட்டு அவர்களுக்குள் உறவில்லை என்று சொல்ல உதவுகின்றன.” தலைப்பைத் தேடுகிறவருக்குத் தலைப்பு கிடைக்கிறது, படிக்கிறவருக்கு விடையும் கிடைக்கிறது. ஆறு தலைப்பையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற அச்சத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். இயைபு இல்லாத பாடலில் இயைபைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் மதிப்பெண்ணைக் குறைக்கும்.

தயங்கும் பிள்ளைகளுக்கு வெற்றுத்தாள் கொடுக்காதீர்கள், வாக்கியச் சட்டம் கொடுங்கள்: “______ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ______ என்று சொல்வதால் ______ தெரிகிறது.” முதல் இடத்தில் பாலும் நீரும், இரண்டாவதில் செம்புலப் பெயல்நீர், மூன்றாவதை அவர்கள் நிரப்பட்டும். ஒரு சட்டத்தை மூன்று முறைக்கு மேல் தராதீர்கள். அதற்குப் பிறகும் கொடுத்தால் அதுவே அடுத்த வார்ப்புரு ஆகி, ‘இனிமை சேர்க்கிறது’ இருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூன்றாம் முறைக்குப் பின் சட்டத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

முதலிலேயே முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் குறுந்தொகை 3. தோழி தலைவனைப் பழிக்க, தலைவி மறுத்துச் சொல்கிறாள், ஆக அதுவும் ஒரு வழக்கு. நிலத்தினும் பெரிது, வானினும் உயர்ந்தது, நீரினும் அளத்தற்கரியது என்று மூன்று பேரளவுகளைச் சொன்னவள், அடுத்த அடியில் ஏன் ஒரு சிறு குறிஞ்சிப் பூவுக்கும் அதிலிருந்து தேன் சேர்ப்பதற்கும் இறங்கி வருகிறாள்? இந்த ஒரு கேள்வியோடு ஒரு பீரியட் விட்டுவிடுங்கள். முதல் இருபது நிமிடம் சொற்பொருளைத் தவிர வேறெதுவும் நீங்கள் சொல்லாதீர்கள்.